மணல் கடைசியாக வெயில் கண்டது எப்போது?

கேள்வி இதுதான்: "அகழாய்வு அறிக்கை ஒன்றில், பானையோடோ கரித்துண்டோ இல்லாத வெறும் மணல் அடுக்குக்கு 'ஓ.எஸ்.எல். முறையில் 14,200 ± 1,100 ஆண்டுகள்' என்று குறித்திருந்தார்கள். மணல் என்பது பல கோடி ஆண்டுப் பழைய பாறை உடைந்து வந்த துகள். அதற்கு எப்படி 14,000 வயது இருக்க முடியும்? கார்பன் முறை இருக்கும்போது இது எதற்கு? சுடுமண் சிலை அசலா போலியா என்பதையும் இதே முறையில் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?"

உங்கள் சந்தேகம் நியாயமானது. மணலின் வயதை யாரும் கணிக்கவில்லை. அந்த மணல்மணிகள் பிறந்த பாறைக்கு நூறு கோடி ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம். இந்த முறைக்கு அதில் அக்கறையே கிடையாது. அந்த மணிகள் மீது கடைசியாக வெயில் பட்டு, பிறகு மேலே வேறு மண் விழுந்து மூடி, இருட்டுக்குள் போனதிலிருந்து கடந்த காலமே 14,200 ஆண்டுகள். பானையோட்டில் இதே வகை அளவீட்டைச் செய்தால் அது கடைசியாக நெருப்பில் காய்ந்த காலம் கிடைக்கும். ஆக, ஒளிர்வுக் காலக்கணிப்பு எனும் இம்முறை தேதி குறிப்பது ஒரு நிகழ்ச்சிக்கு. ஒளிர்வுக் காலக்கணிப்பில் வந்த எந்த எண்ணைப் பார்த்தாலும் "எந்த நிகழ்ச்சியின் தேதி இது?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். இத்துறையில் நடந்த பெரிய சண்டைகளில் பாதி, இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்காததால் வந்தவை.

இருட்டில் கிடக்கும் மணலுக்குள் காலம் எப்படிப் பதிவாகிறது? எந்த மண்ணிலும் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. பொட்டாசியத்தின் கதிரியக்க வடிவமான பொட்டாசியம்-40-உம் இருக்கிறது. இவை சிதையும்போது ஆல்ஃபா, பீட்டா, காமா கதிர்கள் வெளிப்படுகின்றன. வானிலிருந்து காஸ்மிக் கதிர்களும் கொஞ்சம் வந்து சேர்கின்றன. இந்தக் கதிர்கள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற படிகங்களின் வழியே பாயும்போது எலெக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. பெரும்பாலான எலெக்ட்ரான்கள் உடனே திரும்பிவிடும். சில மட்டும் படிக அமைப்பில் உள்ள குறைகளில், ஓர் அணு விடுபட்ட இடத்திலோ அயல் அணு ஒன்று புகுந்த இடத்திலோ, சிக்கிக்கொள்ளும். பொறி என்றே இத்துறையினர் அந்த இடங்களைச் சொல்வார்கள். ஆழமான பொறியில் சிக்கிய எலெக்ட்ரான், யாரும் தொந்தரவு செய்யாவிட்டால், பல லட்சம் ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். வெயிலோ கடும் வெப்பமோ கிடைத்தால் வெளியே துள்ளி, வேறோர் இடத்தில் விழுந்து, தன் ஆற்றலை ஒளியாகக் கக்கிவிடும். அந்த மங்கிய ஒளிதான் ஒளிர்வு. சூடேற்றி வரவழைத்தால் வெப்ப ஒளிர்வு, சுருக்கமாக டி.எல்.; ஒளியைப் பாய்ச்சி வரவழைத்தால் ஒளித்தூண்டல் ஒளிர்வு, அதாவது உங்கள் அறிக்கையில் இருந்த ஓ.எஸ்.எல்.

இதில் கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான். புதைந்த நாள் முதல் படிகம் வாங்கிச் சேர்த்த மொத்தக் கதிரளவை, ஓர் ஆண்டுக்கு அது வாங்கும் கதிரளவால் வகுக்க வேண்டும். அளக்கும் அலகு கிரே. சாதாரண மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு 1 முதல் 4 கிரே வரை சேரும். உங்கள் மணலுக்கு ஆயிரம் ஆண்டுக்கு 2.5 கிரே என்றும், ஆய்வகத்தில் கண்ட மொத்தம் 35.5 கிரே என்றும் வைத்துக்கொண்டால் 14,200 ஆண்டுகள் வந்துவிடும். பள்ளிக்கூட வகுத்தல்தான். ஆனால் வகுத்தலில் மேலே உள்ள எண்ணான மொத்தக் கதிரளவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அதை அளக்கும் கருவி கண்ணைக் கவர்கிறது என்பதால். கீழே உள்ள எண்ணான ஆண்டுக் கதிரளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கருத்தில், ஒரு தேதி நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இரண்டு இடங்களில்: மணி உண்மையிலேயே வெயிலில் காலியானதா என்பதில் ஒன்று, அந்தக் கீழ் எண்ணில் மற்றொன்று. ஒளியை அளப்பது இவற்றோடு ஒப்பிட்டால் எளிது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1663-இல் ராபர்ட் பாயில் ஒரு வைரத்தை இருட்டில் படுக்கைக்கு எடுத்துச்சென்று, தன் உடம்பின் சூட்டில் வைத்து, அது மினுங்கியதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த ஒளி காலத்தைச் சொல்லும் என்ற யோசனை வர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1953-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபாரிங்டன் டேனியல்ஸ் குழுவினர் அதை முன்வைத்தார்கள். 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் எய்ட்கனும் அவருடைய சகாக்களும் பானையோடுகளில் செய்துகாட்டினார்கள். நெருப்பு காணாத படிவுகளுக்கும் இது பொருந்தும் என்று 1970-களின் இறுதியில் ஆன் விண்டிலும் டேவிட் ஹன்ட்லியும் கடலடி மண்ணில் காட்டினார்கள். வெப்பத்துக்குப் பதில் பச்சை லேசரைப் பாய்ச்சும் முறையை ஹன்ட்லி குழு 1985-இல் வெளியிட்டது. ஃபெல்ட்ஸ்பாரை அகச்சிவப்பு ஒளியால் தூண்டலாம் என்பது 1988-இல் எஸ்தோனியாவிலிருந்து வந்தது. இன்று ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களும் பின்பற்றும் அளவீட்டு வரிசையை ஆண்ட்ரூ மரேயும் விண்டிலும் 2000-இல் செம்மைப்படுத்தினார்கள். 2000-க்கு முன் வந்த படிவுத் தேதிகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. அவை எல்லாமே தவறு என்று சொல்லவில்லை. இன்றைய அளவீட்டில் இயல்பாக நடக்கும் சோதனைகள் அப்போது இல்லை.

களத்தில் மாதிரி எடுப்பவர்களுக்கு ஒளிதான் எதிரி. தோண்டிய குழியின் சுவரை நன்றாகச் செதுக்கி, வெயில் பட்ட மேற்பரப்பை நீக்கிவிட்டு, ஒளி புகாத உலோகக் குழாயையோ தடித்த பி.வி.சி. குழாயையோ சுத்தியலால் அடித்து உள்ளே இறக்குவார்கள். இரு முனைகளையும் அடைத்துக் கறுப்புப் பையில் சுற்றிவிடுவார்கள். குழாயின் முனைகளில் உள்ள மண் வெளிச்சம் பட்டது, அது தேதிக்கு ஆகாது. நடுவில் உள்ளதே தேதிக்கு. குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்துக்கு மண் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். காமா கதிர்கள் மண்ணில் அவ்வளவு தூரத்திலிருந்து வரும். பக்கத்தில் பெரிய பாறை ஒன்று புதைந்திருந்தால் கணக்கு வேறாகிவிடும். பீட்டா கதிர் சில மில்லிமீட்டர் போகும். ஆல்ஃபா 0.02 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதே இடத்தில் காமா நிறமாலைமானி ஒன்றைச் செருகி அளவு எடுப்பதும், ஈரம் போகாமல் மூடிய டப்பாவில் கொஞ்சம் மண் எடுப்பதும் வழக்கம். அகழாய்வாளர் தானே தோண்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்த மணலை நீட்டி "தேதி சொல்லுங்கள்" என்றால் எந்த ஆய்வகமும் கைவிரித்துவிடும்.

ஆய்வகம் புகைப்படம் கழுவும் இருட்டறை போல மங்கிய சிவப்பு அல்லது ஆரஞ்சு விளக்கில் இயங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு தாவரக் கழிவை எரிக்கும். பிறகு சலித்து, பெரும்பாலும் 90 முதல் 250 மைக்ரான் வரையிலான மணிகளை எடுத்து, அடர்த்தி மிகுந்த திரவத்தில் மிதக்கவிட்டு குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் பிரிப்பார்கள். கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அது மிச்சமிருக்கும் ஃபெல்ட்ஸ்பாரை ஒழிப்பதோடு, குவார்ட்ஸ் மணியின் வெளித்தோலையும் சுமார் 10 மைக்ரான் அளவுக்குக் கரைத்துவிடும். ஆல்ஃபா கதிர் தொட்ட பகுதி அந்தத் தோல்தான். அதை நீக்கிவிட்டால் ஆல்ஃபாவைக் கணக்கில் சேர்க்கும் தலைவலி குறையும்.

இனி அளவீடு. மணிகளைச் சிறு வட்டில் பரப்பி, நிலையற்ற பொறிகளைக் காலிசெய்ய முதலில் இலேசாகச் சூடேற்றி, நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். குவார்ட்ஸ் பதிலுக்குப் புறஊதா ஒளியை உமிழும். பாய்ச்சிய நீலத்தை வடிகட்டி தடுத்துவிட, புறஊதாவை மட்டும் ஒளிப்பெருக்கிக் குழாய் எண்ணும். இப்படிக் கிடைக்கும் எண் தனியாக எதையும் சொல்லாது. ஒரு மணி பிரகாசமாக ஒளிர்வதற்குக் காரணம் அது பழையதாக இருப்பதாகவும் இருக்கலாம், இயல்பிலேயே அதன் உணர்திறன் அதிகம் என்பதாகவும் இருக்கலாம். எனவே அதே மணிகளுக்குத் தெரிந்த அளவில் செயற்கையாகக் கதிர் கொடுத்து மறுபடி அளக்கிறார்கள். பிறகு வேறு அளவு, மறுபடி அளவீடு. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சோதனைக் கதிரளவு கொடுத்து, நடுவில் மணியின் உணர்திறன் மாறியிருந்தால் அதையும் திருத்திக்கொள்கிறார்கள். இந்தப் புள்ளிகளை இணைத்த வளைகோட்டில் இயற்கை கொடுத்த ஒளி எங்கே விழுகிறதோ அங்கே மொத்தக் கதிரளவு. கதிர் கொடுப்பது ஸ்ட்ரான்சியம்-90 உள்ள பீட்டா மூலம். பரவலாகப் பயன்படும் கருவிகளில் அது நொடிக்கு 0.1 கிரே தருகிறது. உங்கள் மணல் இயற்கையில் 40 ஆண்டுகளில் வாங்கியதை அந்தக் கருவி ஒரு நொடியில் கொடுத்துவிடுகிறது. அத்தனை வேகமாகக் கொடுத்தாலும் படிகம் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறதா என்று முதலில் எனக்கும் உறுத்தியது. ஆய்வகங்களுக்கும் அந்த உறுத்தல் உண்டு. அதனால்தான் மணிகளை ஒளியில் காலிசெய்து, தெரிந்த அளவு கதிர் கொடுத்து, தெரியாதது போல அளந்து, கொடுத்தது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கும் சோதனை கட்டாயமாக இருக்கிறது. அறிக்கையில் அந்தச் சோதனையின் முடிவு இல்லையென்றால் புருவத்தை உயர்த்தலாம்.

இப்போது முதல் சிக்கலுக்கு வருவோம். மணி புதையும் முன் உண்மையிலேயே காலியானதா?

குவார்ட்ஸின் வேகமான ஒளிர்வுப் பகுதி நேரடி வெயிலில் சில நொடிகளில் பெருமளவு அழிந்துவிடும். ஃபெல்ட்ஸ்பாருக்குச் சில நிமிடங்கள் வேண்டும். வெப்ப ஒளிர்வுக்குப் பயன்படும் பொறிகளோ மணிக்கணக்காக, நாள்கணக்காகக் காய்ந்தாலும் முழுவதும் காலியாவதில்லை. பாலைவனத்தில் காற்று சுழற்றி அடித்த மணலுக்கும், வெகுதூரம் பறந்து வந்து படிந்த லோயஸ் எனும் புழுதிக்கும் இதில் கவலையே இல்லை. வெயிலில் குளித்துவிட்டுத்தான் படியும். ஆற்று மணல் அப்படியல்ல. வெள்ளத்தில் கலங்கிய நீர் நீல, புறஊதா ஒளியை விழுங்கிவிடும். ஒரே இரவில் கரை இடிந்து அடித்து வரப்பட்ட மணி வெயிலையே பார்க்காமல் மறுபடி புதையலாம். பனியாற்றின் அடியில் அரைபட்ட மண் அதைவிட மோசம். பழைய கணக்கு மிச்சம் இருக்கும் மணி உண்மையைவிட வயது கூட்டித்தான் சொல்லும்.

இதற்கு இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஜின்மியம். வட ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு மணற்கல் பாறை ஒதுங்கிடம் அது. 1996-இல் அங்கே கல்லாயுதங்கள் கிடைத்த மண்ணடுக்குக்கு வெப்ப ஒளிர்வு முறையில் 1,16,000 ஆண்டுகளுக்கு மேல் என்று தேதி வந்தது. அதற்கும் கீழே 1,76,000 வரை பேசினார்கள். ஆஸ்திரேலியாவுக்கு மனிதன் வந்த காலம் ஒரே கட்டுரையில் இரட்டிப்பானது. செய்தித்தாள்கள் கொண்டாடின. 1998-இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவினர் அதே இடத்து மணலை மணி மணியாக ஒளித்தூண்டலில் அளந்தார்கள். அந்தப் படிவு 10,000 ஆண்டுகளைத் தாண்டவில்லை. என்ன நடந்திருந்தது? ஒதுங்கிடத்தின் மணற்கல்லும், அதிலிருந்து உதிர்ந்து மண்ணில் கலந்த துண்டுகளும் அங்கேயே மெல்ல மட்கி மணலாகின்றன. அப்படிப் பிரிந்த மணிகள் வெயிலைப் பார்த்ததே இல்லை. பாறைக்குள் இருந்த பல லட்சம் ஆண்டுக் கணக்கை அப்படியே சுமந்துகொண்டு, நன்றாக வெயில் பட்ட மணிகளோடு கலந்து கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான மணிகளை ஒன்றாகப் போட்டு அளந்தால் கிடைப்பது இரண்டின் சராசரி. எந்த நிகழ்ச்சிக்கும் உரியதல்லாத தேதி அது.

அதன் பிறகு தனிமணி அளவீடு வலுவாக வேரூன்றியது. சிறு வட்டில் நூறு குழிகள், குழிக்கு ஒரு மணி, ஒவ்வொன்றின் மீதும் தனித்தனியாகப் பச்சை லேசர். பல மணல்களில் நூற்றில் சில மணிகள்தான் கணிசமாக ஒளிர்கின்றன என்பதும் அப்போதுதான் நன்றாகப் புரிந்தது. மற்றவை வேலைக்கு ஆகாது. எனவே ஆயிரக்கணக்கில் அளக்க வேண்டியிருக்கிறது. மணிகளின் கதிரளவுகள் ஒரே எண்ணைச் சுற்றி நெருங்கி நின்றால் நிம்மதி. சிதறிக் கிடந்தால் காரணம் தேட வேண்டும். சில மணிகள் மட்டும் அரைகுறையாகக் காலியாகியிருந்தால், குறைந்த கதிரளவு உள்ள கூட்டமே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் புள்ளியியல் மாதிரி இருக்கிறது. மேலும் கீழும் மண் கலந்திருந்தால் அந்த மாதிரி உதவாது, வேறு வழி வேண்டும். எறும்பு, கறையான், மண்புழு, மரவேர் எல்லாமே மண்ணைப் புரட்டுகின்றன. எந்தப் புள்ளியியல் மாதிரியைத் தேர்ந்தெடுப்பது என்பதை மண்ணடுக்கு எப்படி உருவானது என்ற களஅறிவுதான் தீர்மானிக்க வேண்டும். விரும்பிய தேதி வரும் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் சபலம் இங்கே இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வட ஆஸ்திரேலியாவின் மற்றோர் ஒதுங்கிடமான மஜெட்பெபேக்கு 2017-இல் சுமார் 65,000 ஆண்டுகள் என்று தனிமணி முறையில் தேதி வந்தது. அளவீட்டில் பெரிய குறை சொல்ல ஆளில்லை. ஆனாலும் கல்லாயுதங்கள் காலப்போக்கில் மணலுக்குள் கீழே இறங்கியிருக்கலாமே என்ற வாதம் தொடர்கிறது. மணலின் தேதி சரி. ஆயுதமும் அந்த மணலோடுதான் புதைந்ததா என்பது ஒளிர்வு பதில் சொல்லும் கேள்வி அல்ல.

இரண்டாவது சிக்கல், கீழ் எண். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவை இன்று துல்லியமாக அளந்துவிடலாம். காஸ்மிக் கதிரின் பங்கை ஆழம், உயரம், அட்சரேகை கொண்டு கணக்கிடலாம். நாம் அறிய முடியாதது தண்ணீர். மண்துகள்களுக்கு இடையே உள்ள நீர் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு படிகத்துக்குப் போவதைக் குறைக்கிறது. நீரின் அளவு ஒரு விழுக்காடு கூடினால் வயதும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும். இன்று அந்தக் குழியில் 5 விழுக்காடு ஈரம் இருக்கிறது. ஆனால் 14,000 ஆண்டுகளின் சராசரி என்ன? நடுவில் அந்த இடம் ஏரியாக இருந்திருந்தால்? 5-க்குப் பதில் 20 என்று வைத்தால் உங்கள் 14,200 என்ற எண் 16,000-க்கு மேலே போய்விடும். ஒளியை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பழைய நீர்மட்டத்தின் தடயங்கள், மண்ணின் நிறம், துளைமை இவற்றை வைத்து நிலவியலாளர் நியாயமான ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். நீரோட்டம் யுரேனியத்தையே கரைத்து வெளியேற்றியிருக்கலாம், சுண்ணாம்பு பின்னாளில் வந்து இடைவெளிகளை அடைத்திருக்கலாம். அப்போது ஆண்டுக் கதிரளவு காலத்தோடு மாறியிருக்கும். வறண்ட மணல்மேட்டின் தேதியை நான் சட்டென்று நம்புவேன். ஏரிக்கரைக் களிமண்ணின் தேதி என்றால் நீர் பற்றிய பத்தியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மேலே போவேன்.

எவ்வளவு பின்னோக்கிப் போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பொறிகள் எல்லாம் நிரம்பிவிட்டால் மேற்கொண்டு எத்தனை கதிர் வந்தாலும் பதிவாகாது. குவார்ட்ஸின் வழக்கமான ஒளிர்வு 150 - 200 கிரே அளவில் தளரத் தொடங்குகிறது. சாதாரண மண்ணில் அது ஒரு லட்சம் ஆண்டுக்கு முன்னும் பின்னுமாக முடிந்துவிடும். கதிர் குறைந்த மண்ணில் இன்னும் பின்னே போகலாம். ஃபெல்ட்ஸ்பார் அதைவிடப் பலமடங்கு தாங்கும். ஆனால் அதற்கொரு நோய்: சிக்கிய எலெக்ட்ரான்கள் யாரும் தூண்டாமலே குவாண்டம் ஊடுருவலால் கசிந்துவிடுகின்றன. வயது குறைவாகக் காட்டும். 1973-இல் விண்டில் கண்டுசொன்ன இந்தக் கசிவு முப்பத்தைந்து ஆண்டுகள் எல்லோரையும் படுத்தியது. முதலில் குறைந்த வெப்பத்தில் அகச்சிவப்பைப் பாய்ச்சிக் கசியக்கூடியவற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு 225 அல்லது 290 டிகிரி செல்சியஸில் மீண்டும் பாய்ச்சினால் கசியாத பகுதி கிடைக்கிறது என்று 2008-ஐ ஒட்டிக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. கொற்றலை ஆற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் முன்பே தோன்றின என்று 2018-இல் வந்த முடிவு இந்த ஃபெல்ட்ஸ்பார் முறையில் கிடைத்தது. நெருப்பில் விழுந்த சிக்கிமுக்கிக் கல்லுக்கு இன்றும் பழைய வெப்ப ஒளிர்வுதான் கைகொடுக்கிறது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் குகையில் கிடைத்த ஆதி ஹோமோ சேப்பியன்ஸ் எலும்புகளுக்கு 3,15,000 ± 34,000 ஆண்டுகள் என்ற தேதி 2017-இல் அப்படித்தான் வந்தது.

கார்பன் முறை இருக்க இது எதற்கு என்றீர்கள். கார்பன் முறைக்கு ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருள் வேண்டும், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளோடு அது நின்றும் விடும். மணல்மேடு, வெள்ளப் படிவு, கல்லாயுதம் கிடக்கும் வெறும் மண் ஆகியவற்றில் கரிமம் இருக்காது. இருந்தாலும் அது அந்த நிகழ்ச்சியோடு சேர்ந்ததா என்ற சந்தேகம் வரும். இங்கிலாந்தின் செர்ன் அபாஸில் குன்றுச் சரிவில் 55 மீட்டர் உயரத்துக்கு ஒரு மனித உருவம் சுண்ணக்கல்லில் வரையப்பட்டிருக்கிறது. வரலாற்றுக்கு முந்தியது என்றார்கள் சிலர். ரோமானிய ஹெர்குலிஸ் என்றார்கள் சிலர். எழுத்தில் முதல் குறிப்பு 1694-இல்தான் வருகிறது என்பதால் அது 17-ஆம் நூற்றாண்டுக் கிண்டல் சித்திரம் என்றார்கள் வேறு சிலர். 2021-இல் உருவத்தின் அடியாழத்துச் சுண்ணக்கல் நிரப்பில் இருந்த மணலை அளந்ததில் கி.பி. 700 முதல் 1100-க்குள் என்று வந்தது. பரவலாகப் பேசப்பட்ட மூன்று கட்சியும் தோற்றது. கார்பன் முறைக்கு அங்கே பிடிமானமே கிடையாது.

இரண்டும் கைகோக்கும் இடங்களும் உண்டு. நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் பூங்காவில் கிடைத்த மனிதக் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று 2021-இல் நீர்த்தாவர விதைகளின் கார்பன் தேதிகள் சொன்னன. நீரில் கரைந்த பழைய கார்பனை அந்தச் செடி உறிஞ்சியிருக்கலாமே என்று எதிர்ப்பு வந்தது. 2023-இல் நிலத்து மரங்களின் மகரந்தத்தையும், அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத குவார்ட்ஸ் ஒளிர்வையும் அளந்தார்கள். மூன்றும் ஒத்துப்போயின. இரு முறைகள் தவறக்கூடிய காரணங்கள் வேறுவேறு என்பதால் அந்த ஒற்றுமைக்கு எடை அதிகம். ஒரு சிறு எச்சரிக்கை: கார்பன் தேதிகள் 1950-ஐ 'இன்று' என்று வைத்து எண்ணுபவை, ஒளிர்வுத் தேதிகள் அளந்த ஆண்டிலிருந்து எண்ணுபவை. சில நூறு ஆண்டுத் தேதிகளை ஒப்பிடும்போது இது கவனிக்க வேண்டிய வித்தியாசம்.

உங்கள் ± 1,100 பற்றி. அது ஏறக்குறைய 8 விழுக்காடு. இந்த முறைக்கு 5 முதல் 10 வரை இயல்பு. உண்மையான வயது அந்த வரம்புக்குள் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டுதான், வரம்பை இருமடங்காக்கினால் நூற்றில் தொண்ணூற்றைந்து. ஆகவே 12,000 என்றோ 16,400 என்றோ பின்னால் தெரியவந்தால் யாரும் தவறிழைத்ததாக அர்த்தமில்லை. அடுக்கில் மேலிருந்து கீழாக நான்கைந்து தேதிகள் எடுத்து, அவை வரிசை தவறாமல் கூடிக்கொண்டே போனால், தனித் தேதியைவிட அதற்கு மதிப்பு அதிகம். அந்த ஒரு மணலடுக்குக்கு ஒரே தேதியைக் கொண்டு அறிக்கை பெரிய முடிவுக்குப் போயிருந்தால், எனக்கு அவசரமாகத்தான் படும்.

கடைசியாகச் சிலை. சுடுமண்ணைப் பொறுத்தவரை ஆம், இது நல்ல சோதனை. களிமண்ணில் உள்ள மணிகள் சூளையில் 500 டிகிரியைத் தாண்டியதும் பழைய கணக்கை முற்றிலும் இழந்துவிடும். சென்ற மாதம் சுட்ட சிலையில் ஒளிர்வு இருக்காது. இரண்டாயிரம் ஆண்டு முன் சுட்டதில் நன்றாக இருக்கும். இரண்டையும் பிரிக்கத் துல்லியம் தேவையில்லை. சிலை எந்த மண்ணில் எவ்வளவு ஈரத்தில் கிடந்தது என்று தெரியாததால் பிழை 20 விழுக்காட்டுக்கு மேல் போகும். பழையதா புதியதா என்ற கேள்விக்கு அது போதும். பீடத்தின் அடியில், கண்ணில் படாத இடத்தில், மங்கிய சிவப்பு ஒளியில் மெதுவாகத் துளையிட்டுச் சிட்டிகைத் தூள் எடுப்பார்கள். வெண்கலச் சிலையென்றால் வார்ப்பின்போது உள்ளே தங்கிய களிமண் கருவை அளக்கலாம். கற்சிலைக்கு இது ஆகாது. நெருப்பே காணாத கல்லில் செதுக்கிய நேரத்துக்கான பதிவு இந்த வழியில் கிடைக்காது.

போலி செய்பவர்களுக்கும் இந்த இயற்பியல் தெரியும். புதுச் சிலைக்குச் செயற்கையாகக் கதிர் கொடுத்து வயதேற்றும் வித்தை இருக்கிறது. பழைய உடைந்த ஓடுகளை ஒட்டிப் பீடம் செய்து, மேலே புது உருவம் பொருத்தும் வித்தை அதைவிட எளிது. துளையிடுபவர் பீடத்தில்தான் துளையிடுவார் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதனால் குறைந்தது இரண்டு, மூன்று இடங்களில் தூள் எடுக்கச் சொல்லுங்கள். நேர்மையான பொருளும் சிக்கலாம்: தீ விபத்தில் வெந்த பழைய சிலை புதியதாகத் தெரியும். சோதனைச் சான்றிதழ் கையில் வந்தால் தூள் எடுத்த இடங்களின் புகைப்படம் அதில் இருக்கிறதா, படத்தில் உள்ளது அதே பொருள்தானா என்று பாருங்கள். சிலையை எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஒளிர்வுக்கான தூளை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். விமான நிலையத்துப் பெட்டிச் சோதனையின் கதிர் பொருட்படுத்தத் தக்கதல்ல. உயர் ஆற்றலில் நெடுநேரம் எடுக்கும் தொழிலகச் சி.டி. ஸ்கேனோ பல நூறு ஆண்டுகளுக்கு இணையான கதிரளவை ஒரே பிற்பகலில் சேர்த்துவிடக்கூடும். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்ற விவரத்தை ஆய்வகத்திடம் கொடுத்துவிடுங்கள். கழித்துக் கணக்கிட அவர்களுக்கு அது தேவைப்படும்.